கதவுக்குக் கீழே இருக்கிறது கார்



இங்கிலாந்தில் நான் வசிக்கும் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே சில மைல் தள்ளி, தேம்ஸ் நதிக்கரையில் ஆபிங்டன் என்று ஓர் ஊர். 1980 அக்டோபர் வரை அங்கே எம்.ஜி. கார்த் தொழிற்சாலை இருந்தது. 1962-இல் அங்கிருந்து வெளிவந்த எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் கார் பதினெட்டு வருடங்களில் ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அதில் ஒன்று, 1972-ஆம் வருடத்து வண்டி, மடக்குக் கூரை, கரும்பச்சை நிறம், இப்போது என் வீட்டு ஷெட்டில் நிற்கிறது. இந்த மாதம் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

பழைய கார் வாங்க வருகிறவர்கள் பானெட்டைத் திறந்து எஞ்சினைத்தான் முதலில் பார்க்கிறார்கள். எஞ்சின் கெட்டால் சரிசெய்துகொள்ளலாம். பார்க்க வேண்டிய இடம் கதவுக்குக் கீழே. இதற்கு முந்தைய எம்.ஜி.ஏ.வுக்குத் தனியாக சேசிஸ் உண்டு. எம்.ஜி.பி.க்கு அது கிடையாது, தகட்டு உடம்பே சேசிஸ். தலைக்கு மேல் இரும்புக் கூரையும் இல்லாததால், வண்டியின் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் கதவின் அடியில் ஓடும் பெட்டி போன்ற பகுதிதான். சில் என்பார்கள். வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே ஒன்று, அடியில் ஒரு பட்டை. சக்கரம் வாரியடிக்கும் சேறும், குளிர்காலத்தில் சாலையில் தூவுகிற உப்பும் அதற்குள் போய்த் தங்கிவிடும். துரு உள்ளேயிருந்து தின்றுகொண்டு வரும். பெயின்ட்டில் கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடே இருக்காது.

என் வண்டியில் முன்பு யாரோ பழைய துருவின் மேலேயே புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்திருந்தார்கள். பார்வைக்கு லட்சணமாக இருந்தது. காந்தம் ஒட்டவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் பொதுக்கென்று இறங்கியது. அதில் ஏறி உட்காரப் போகிற ஆளின் உயிரை நினைத்துப் பார்க்காத வேலை அது. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அந்தச் சில்லை வெட்டியெடுத்ததை விவரமாகச் சொல்ல வேண்டும். கிரைண்டரைத் தொடும் முன்பே, கதவு வாசலில் முன் தூணுக்கும் பின் தூணுக்கும் இடையே இரும்புக் குழாய் ஒன்றைக் குறுக்கே போட்டு முடுக்கிவிட்டேன். வண்டியின் எடை அதன் அச்சுகள் வழியாகவே இறங்கும்படி ஸ்டாண்டில் நிறுத்தினேன். இந்த வேலையில் நடுவே ஜாக்கி கொடுத்துத் தூக்கக் கூடாது. கதவைச் சாத்தி, அதன் பின்விளிம்பில் உள்ள இடைவெளியை மேலே, நடுவில், கீழே என்று அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தேன். மேல் இடைவெளி குறுகினால் வண்டியின் நடு தொய்கிறது என்று அர்த்தம். தொய்ந்த நிலையில் வெல்டிங் வைத்துவிட்டால் அந்தக் கதவு பிறகு ஒழுங்காகச் சாத்தாது. அதனால் ஒவ்வொரு தகட்டையும் கிளாம்பில் பிடித்து, கதவைச் சாத்தி, அளந்து பார்த்த பிறகுதான் நெருப்பு. ஒரு பக்கம் முழுசாக முடிந்தபின் மறுபக்கம். கடைசியில் உள்ளே துரு பிடிக்காதிருக்க மெழுகுக் கலவையைப் பீய்ச்சி மூடினேன்.

தகடு கிடைக்கிறதா என்று கேட்பீர்கள். தாராளமாகக் கிடைக்கிறது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் தகடு அடிக்கும் பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து, 1988-இல் எம்.ஜி.பி.யின் முழு உடம்பையே புதிதாக அடித்துக் கொடுக்க ஆரம்பித்தது. தயாரிப்பு நின்று எட்டு வருடம் கழித்து நடந்தது இது. இந்த நாட்டின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்த விஷயங்களில் இதுவும் ஒன்று.

எஞ்சினில் நமக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. நம் அம்பாசடர் இங்கிருந்து போன மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதான். அதில் நெடுங்காலம் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் இந்த 1798 சி.சி. எஞ்சினும் பி-சீரீஸ் என்ற ஒரே குடும்பம். விழுப்புரத்தில் டாக்சி ஸ்டாண்டை ஒட்டிய ஒர்க்‌ஷாப்பில், அம்பாசடருக்கு டேப்பட் வைப்பதை, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்வதைச் சிறுவயதில் நின்று பார்த்திருக்கிறேன். "ஒண்ணாம் வால்வு முழுசா திறந்திருந்தா எட்டுக்கு வை, மூணு திறந்தா ஆறுக்கு வை. கூட்டினா ஒம்பது வரணும் தம்பி" என்று அந்த அண்ணன் தன் உதவியாளுக்குச் சொல்லிக்கொடுப்பார். இங்கே ஆங்கிலக் கையேட்டில் இருப்பதும் அதே கணக்கு.

இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களையும் சமன்செய்யக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு ரப்பர் குழாய் போதும். ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையைக் காற்று போகும் வாயில் பிடித்தால் சீறல் கேட்கும். இரண்டிலும் ஒரே சீறல் வரும்வரை திருகு. பிறகு கார்புரேட்டரின் பிஸ்டனை மயிரிழை தூக்கிப் பார்க்க வேண்டும். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், அணையப் பார்த்தால் குறைவு. லேசாக ஏறி இறங்கினால் சரி. இதைச் செய்கிற மாலை நேரங்களுக்காகவே இந்தக் காரை வைத்திருக்கலாம்.

புதிதாக எதைச் சேர்ப்பது என்பதில்தான் இங்கே நண்பர்களுக்குள் வாக்குவாதம். வண்டியை இன்றைய சாலையில் பிழைக்க வைப்பதை மட்டும் சேர்ப்பேன் என்பது என் கட்சி. ஈயம் கலந்த பெட்ரோல் 1999-ஓடு இங்கே பொதுவாகப் பெட்ரோல் பங்க்குகளில் நின்றுபோனதால் சிலிண்டர் ஹெட்டில் கடினமான வால்வு சீட் போட்டாயிற்று. 2021 முதல் சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பருக்கு அது ஆகாது என்பதால் எரிபொருள் குழாய்கள் எல்லாம் புதியவை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன். மூடியைக் கழற்றினால்தான் தெரியும், பழையபடி மாற்றவும் அரை மணி நேரம் போதும்.

வி8 எஞ்சினைப் பொருத்தச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தொழிற்சாலையே 1973 முதல் 1976 வரை எம்.ஜி.பி.யின் கூரை மூடிய ஜி.டி. வகையில் ரோவர் வி8-ஐப் பொருத்தி விற்றது உண்மைதான். ஆனால் என் காரின் குணமே அந்த நான்கு சிலிண்டர் எஞ்சினின் குரலில் இருக்கிறது. தவிர, இங்கே நாற்பது வயது கடந்த வண்டிகளுக்கு, நம்மூர் எஃப்.சி. மாதிரியான வருடாந்திரச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. பெரிய மாற்றம் செய்தால் அந்த விலக்கு போய்விடும். விலக்கு இருந்தும் நான் வருடந்தோறும் சோதனைக்குக் கொண்டுபோகிறேன். பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் இன்னொரு கண் பார்ப்பது நல்லது.

மிச்சமிருக்கும் ஒரே ஆசை ஓவர்டிரைவ். மணிக்கு 70 மைலில் எஞ்சின் இப்போது ஏறக்குறைய 3,900 சுற்று சுற்றுகிறது. ஓவர்டிரைவ் இருந்தால் 3,200 அளவில் நின்றுவிடும். ஐந்து கியர் பெட்டியும் வாங்கலாம்தான், ஆனால் அந்தக் காலத்து லேக்காக் ஓவர்டிரைவ் தொழிற்சாலையிலேயே இந்த வண்டிகளில் பொருத்தப்பட்டது. பழையது ஒன்று கிடைத்திருக்கிறது, கியர் பாக்ஸோடு. எஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும் என்பதால் கிரேன் வாடகைக்குச் சொல்லியாயிற்று. வெளியே எடுக்கும்போதே கிளட்ச்சையும் பேரிங்கையும் மாற்றிவிடுவேன்; அவற்றுக்காக இன்னொரு முறை எஞ்சினை இறக்குவது வீண் வேலை.

அன்புடன்,
ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து