ஒரகடம், ஓட்டுக்கு முந்தின இரவு

2024 ஏப்ரல் 18, வியாழன். ஒரகடம் கூட்டுச்சாலை. ஸ்ரீபெரும்புதூர் தொகுதியில் மக்களவைத் தேர்தல் பிரசாரம் முந்தின நாள் மாலையே ஓய்ந்துவிட்டது. ஒலிபெருக்கி இல்லாத இரவில் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல் மட்டும். டீக்கடை பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

எதிர் பெஞ்சில் ஒரு பெரியவர், பக்கத்தில் ஒரு பையன்.

"மாமா, இந்த வாட்டி டைட்டா போவுமா?"

"எங்கடா டைட்டு? 2009ல நீ பாத்திருக்கணும். திமுக டி.ஆர். பாலுவும் பாமக ஏ.கே. மூர்த்தியும். 25,000 ஓட்டுலதான் முடிஞ்சுது. போன வாட்டி அஞ்சு லட்சத்த தாண்டிடுச்சே!" ஒரு மிடறு குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "எம்எல்ஏ எலெக்சன்னா கேளு. 2016ல அதிமுக பழனி, காங்கிரஸ் செல்வப்பெருந்தகைய பத்தாயிரத்துச் சொச்சத்துல ஜெயிச்சாரு. 2021ல செல்வப்பெருந்தகை பழனிய அதே பத்தாயிரத்துச் சொச்சத்துல..." காலி கிளாசைப் பெஞ்சில் கவிழ்த்து வைத்தார்.

அவர் சொன்னது சரி. ஸ்ரீபெரும்புதூர் சட்டமன்றத் தொகுதி அந்த இரண்டு முறையும் சிறு வித்தியாசத்தில் ஆடியது. ஆனால் மக்களவைக்கு அது ஆறில் ஒன்று. மதுரவாயல், அம்பத்தூர், ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம் என்று மற்ற ஐந்தும் சென்னையை ஒட்டியவை. அந்தத் தேர்தலில் மொத்தம் 23 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள்.

மூன்று பெண்கள் வந்து நின்றார்கள். கம்பெனிச் சீருடை மேலே துப்பட்டா, கையில் கட்டைப்பை. ஒருத்தி தரையிலேயே உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் குதிகாலை அமுக்கிவிட்டாள். எட்டு மணி நேரம் நின்ற கால்.

"எங்கம்மா, ஊருக்கா?"

"ஆமாண்ணா, வந்தவாசி. ஓட்டுப் போட."

"எத்தினி வருசமா இங்க?"

"ஆறு வருசம்."

"இங்கியே மாத்திக்கலாம் இல்ல?"

"அட்ரஸ் ப்ரூஃப் கேக்குறாங்கண்ணா. ஹவுஸ் ஓனர் குடுக்க மாட்டேன்னுட்டாரு."

வந்தவாசி, ஆரணி மக்களவைத் தொகுதி. ஆறு வருடம் இந்த மண்ணில் உழைத்தவளின் குடிதண்ணீரையும் தெருவிளக்கையும் இங்கே ஜெயிப்பவர்தான் கேட்டு வாங்க வேண்டும். அவரிடம் கேட்க அவளுக்கு ஓட்டு இல்லை. இருப்பிடம் மாறினால் படிவம் 8 கொடுத்தால் போதும் என்கிறது விதி. விதிக்கும் அவளுக்கும் நடுவே ஒரு வீட்டுக்காரர். எனக்கு மனசு ஆறவில்லை.

ஜூன் 4 அன்று எண்ணினார்கள். பாலு, அதிமுகவின் பிரேம்குமாரை 4,87,029 ஓட்டுகளில் வென்றார். பதிவான வாக்கு சுமார் 60 சதவீதம். பட்டியலில் பெயர் இருந்தும் வராதவர்கள் ஒன்பது லட்சத்துக்கு மேல். வித்தியாசத்தைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்தப் பெண்ணைப் போல் பெயரே இல்லாதவர்கள் அந்தக் கணக்கிலும் இல்லை.

அந்த ஏப்ரல் 18 இரவில் வாலாஜாபாத் பக்கம் போகும் பஸ் வந்தது. படிவரை கூட்டம். பெண்கள் பையை முதலில் உள்ளே தள்ளி, பிறகு தாங்கள் ஏறினார்கள்.

கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த ஒடிசாப் பையனிடம் பெரியவர், "உங்கூர்ல எப்பப்பா ஓட்டு?" என்றார்.

"மே பதிமூணு. பெர்காம்பூர்."

"போவியா?"

அவன் தலையை ஆட்டினான், இல்லையென்று. அடுத்த கிளாசை எடுத்தான்.