சூடு கண்ட பூனை

போன வருஷம் செமஸ்டர் நேரத்துல பாட்டிக்கு செப்சிஸ். கால் புண்ணுல ஆரம்பிச்சது. ஐசியூல இருந்து பிழைச்சு வந்தாங்க. ரெண்டே மாசத்துல நிமோனியா. "ஒரு தடவை ஜெயிச்ச உடம்புதானே, இப்போ ஏன்டா முடியல?"ன்னு கேட்டாங்க. பயோடெக் படிக்கிற நான் முழிச்சேன். அப்புறம்தான் தேடிப் படிச்சேன்.

நம்ம செல் ஒவ்வொன்றிலும் சுமார் 2 மீட்டர் டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்ற புரதங்கள் மேல நூல்கண்டு மாதிரி சுற்றியிருக்கு. இதுதான் குரோமாட்டின். சுற்று தளர்ந்தால்தான் அந்த ஜீன் வேலை செய்யும். பாக்டீரியா வந்ததும் மேக்ரோஃபேஜ் செல்கள் அழற்சி ஜீன்கள் இருக்கிற இடத்தைத் தளர்த்தும். காய்ச்சல், வீக்கம் எல்லாம் அதோட விளைவு.

2007-ல மெட்ஜிடோவ் குழு எலி செல்களுக்கு பாக்டீரியாவின் எல்பிஎஸ் நச்சை ரெண்டாவது தடவை கொடுத்துப் பார்த்தாங்க. ஐஎல்-6 போன்ற அழற்சி ஜீன்கள் பூட்டியே இருந்தன. கிருமியைக் கொல்லும் ஜீன்கள் பல திறந்தன. சிக்னல் ஒண்ணுதான், வித்தியாசம் குரோமாட்டின்ல.

அழற்சி எல்லை மீறினா நம்ம உறுப்புகளையே கெடுக்கும். அதனால இந்தப் பூட்டு ஒரு பாதுகாப்பு. ஆனா செப்சிஸுக்கு அப்புறமும் அது நீடிச்சா அடுத்த தொற்றுக்கு எதிர்ப்பு குறைஞ்சிடும்.

பாட்டிகிட்ட திக்கித் திணறிச் சொன்னேன். "சூடு கண்ட பூனைன்னு சொல்லேன்டா"ன்னு சிரிச்சாங்க.

உங்க வீட்ல யாராவது செப்சிஸ்ல மீண்டு வந்திருந்தா, காய்ச்சல் இல்லையேன்னு இருமலை விட்டுடாதீங்க. நாங்க ஒரு வாரம் விட்டோம்.