மணி, உயரம், திசை

பிரெண்ட்ஷிப் சிகரத்துக்கு மலையேற்றக்காரர்களை அழைத்துப் போகும் சிறிய குழு ஒன்றில் வேலை பழகுகிறேன். மற்றவர்களுக்கு முன்னால் மேலே போய், பாதை எப்படி இருக்கிறது, பனி எப்படி இருக்கிறது என்று பார்த்து, கீழே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். அதுதான் என் வேலை. கண் இருக்கிறது, கால் இருக்கிறது, வாக்கி டாக்கி இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்றுதான் சேர்ந்த புதிதில் நினைத்தேன்.

மணாலிக்கு மேலே, பீர் பஞ்சால் தொடரில், 5,289 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அந்தச் சிகரம். அடல் சுரங்கப்பாதையின் தென்வாயில் இருக்கும் துந்தியில் வண்டியை விட்டு இறங்கி, பியாஸ் நதியை ஒட்டி நடந்தால் பக்கர்தாச் என்ற மேய்ச்சல் வெளி வரும். அதற்கு மேலே, சுமார் 3,800 மீட்டரில், லேடி லெக் என்ற முகாம். அங்கிருந்து நள்ளிரவு தாண்டிக் கிளம்பி உச்சியைத் தொட்டு, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும். பெரிய பாறை ஏற்றம் எதுவும் இல்லாததால் முதல்முறை மலையேறுபவர்கள் நிறைய வருகிறார்கள். ஆகவே ஆபத்து பாறையில் இல்லை. மே, ஜூன் மாதங்களில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது பனி.

எனக்குக் கற்றுக்கொடுப்பவர் இமாச்சலக்காரர். மலையேற்றப் பயிற்சி நிலையங்களில் ஆசிரியரை உஸ்தாத் என்று அழைப்பது வழக்கம். இவரும் எங்களுக்கு உஸ்தாத்தான். அவரிடம் நான் அனுப்பிய முதல் தகவல் இரண்டே வாக்கியம்: “பாதை நன்றாக இருக்கிறது. பனி கொஞ்சம் அதிகம்.”

மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு கேள்விகள் வந்தன. எத்தனை மணிக்குப் பார்த்தாய்? எவ்வளவு உயரத்தில்? சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது? கொஞ்சம் என்றால் கணுக்காலா, முழங்காலா? எதற்கும் என்னிடம் பதில் இல்லை. “இறங்கி வராதே. திரும்பப் போய்ப் பார்” என்றார். மூச்சு வாங்க மறுபடி ஏறினேன். அன்று மாலை என் நோட்டில் மூன்று கோடுகள் போட்டுப் பத்திகளாகப் பிரித்துக் கொடுத்தார்: மணி, உயரம், திசை. இந்த மூன்றும் எழுதாமல் நான்காவது பத்தியில் பனியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதக் கூடாது.

நான்காவது பத்தியில் என்ன எழுதுவது என்பது கையில் தொடங்கியது. பனி எவ்வளவு கெட்டி என்று கையால் பார்க்க உலகம் முழுவதும் ஒரே முறைதான். முதலில் முஷ்டியைப் பனிச்சுவரில் அழுத்த வேண்டும். உள்ளே போனால் அந்தப் படிவின் பெயர் முஷ்டி. போகாவிட்டால் நான்கு விரல்களைச் சேர்த்து அழுத்த வேண்டும், அதுவும் போகாவிட்டால் ஒரு விரல், பிறகு பென்சில், கடைசியில் கத்தி. அளவுகோல் இவ்வளவுதான். ஆனால் எவ்வளவு பலத்தோடு அழுத்துவது? அங்கேதான் நான் விழுந்தேன். ஒரு விரல் மட்டுமே போக வேண்டிய பனியில் நான் தோளையும் சேர்த்துத் தள்ளி முஷ்டியை நுழைத்துவிடுவேன். நான் எழுதிய நோட்டைப் பார்த்தால் மலை முழுக்கப் புதுப்பனி என்று தோன்றும். உஸ்தாத் என் கையைப் பிடித்து என் மூக்கின் மேல் வைத்தார். “அழுத்து. வலிக்கத் தொடங்குகிறதா? அதற்குச் சற்றுக் கீழே நிறுத்து. அவ்வளவுதான் பலம்.” பனியைத் தொடும் முன் மூக்கைத் தொட்டுப் பார்ப்பது இன்றும் எனக்குப் பழக்கம். முகாமுக்கு வருபவர்கள் விநோதமாகப் பார்க்கிறார்கள்.

அடுத்தது குழி. மண்வெட்டியால் மார்பளவு தோண்டி, வெயில் படாத பக்கத்துச் சுவரைச் செதுக்கி வழவழப்பாக்க வேண்டும். தூரத்திலிருந்து ஒரே வெள்ளையாகத் தெரியும் பனி, சுவரில் பார்த்தால் வரிவரியாகப் பிரியும். ஒவ்வொரு வரியும் ஒரு பழைய புயல், அல்லது இரண்டு புயல்களுக்கு இடையே அடித்த வெயில். கையை மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தால் விரல் ஓரிடத்தில் வழுக்கும். அது உருகி உறைந்த ஓடு. அதன் கீழே திடீரென்று விரல் உள்ளே விழும். அங்கே இருக்கும் மணிகளை அள்ளிப் பிடித்தால் ஒட்டாது, உருண்டையாகாது, விரலிடுக்கில் ஒழுகும். மலையில் இதை சுகர் ஸ்னோ என்பார்கள். குளிர்காலத் தொடக்கத்தில் மெலிதாகப் பெய்த பனிக்குக் கீழே தரை கிட்டத்தட்ட பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும், மேலே காற்று கடுங்குளிராக இருக்கும். கீழிருந்து நீராவி மேலேறும்போது பனித்துகள்கள் உருமாறி, பட்டை தீட்டிய பெரிய மணிகளாக வளர்கின்றன, ஒன்றோடொன்று பிடித்துக்கொள்வதில்லை. இதன் மேல் கெட்டியான பனிப்பாளம் உட்கார்ந்திருந்தால், அதை நழுவ வைக்க ஒரு மனிதனின் எடையே போதும்.

போதுமா இல்லையா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. குழியின் சுவரில் 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவில் ஒரு பனித்தூணை வெட்டி எடுத்து, அதன் தலையில் மண்வெட்டியின் தட்டை வைத்துத் தட்ட வேண்டும். மணிக்கட்டை மட்டும் அசைத்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. எத்தனையாவது தட்டில் தூண் உடைந்து நழுவுகிறது, எந்தப் படிவில் நழுவுகிறது, சட்டென்று நழுவுகிறதா, நொறுங்கித் தயங்குகிறதா என்று குறிக்க வேண்டும். நான் வெட்டிய முதல் தூண்கள் முப்பது தட்டுக்கும் அசையவில்லை. “உறுதியான பனி” என்று பெருமையோடு எழுதினேன். உஸ்தாத் குழிக்குள் இறங்கி, தூணின் பின்பக்கம் கயிற்றை விட்டு இழுத்துப் பார்த்தார். கயிறு பாதியில் நின்றது. மூன்று பக்கம் மட்டும் வெட்டி, கண்ணுக்குத் தெரியாத நான்காவது பக்கத்தை மலையோடு ஒட்டியே விட்டிருந்தேன். அவர் அறுத்து முடித்துத் தட்டினார். முழங்கைத் தட்டுகளிலேயே மேல்பாகம் முழுசாக வழுக்கி என் மடியில் விழுந்தது. திட்டவில்லை. அந்தப் பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

அவருடைய கண்டிப்புக்குக் காரணம் கேட்கத் தேவையில்லாத ஒன்று. 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாண்டின் திரௌபதி கா டண்டா சிகரத்தில், உத்தரகாசி நேரு மலையேற்ற நிலையத்தின் பயிற்சிக் குழு மலையில் இருந்தபோது பனிச்சரிவு வந்து 29 பேரைக் கொண்டுபோனது. இறந்தவர்களில் ஒருவர் சவிதா கன்ஸ்வால். அந்த வருடம் மே மாதத்தில் எவரெஸ்ட்டையும் மகாலுவையும் 16 நாளில் ஏறி முடித்த பயிற்சியாளர். மலைத்தொழிலில் இருக்கும் யாருக்கும் அந்தத் தேதி மறக்காது. உஸ்தாத் அதைப் பற்றி நீளமாகப் பேசியதில்லை. குழி வெட்டச் சோம்பல்பட்டு நான் நின்ற ஒரு நாளில் மட்டும், “சவிதாவுக்கு உன்னைவிடப் பனி தெரியும்” என்றார்.

சரிவின் சாய்வைக் கண்ணால் மதிப்பிடுவதிலும் எனக்கு நெடுநாள் தோல்விதான். பாளமாகக் கிளம்பும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில் நிகழ்கின்றன. அதைவிடச் செங்குத்தில் பனி அடிக்கடி தானே உதிர்ந்துவிடும். மிகவும் மட்டமான இடத்தில் நகராது. நேர் எதிரே நின்று பார்த்தால் எல்லாச் சரிவும் சுவராகத் தெரியும். மேலே நின்று பார்த்தால் வேறு மாதிரி ஏமாற்றும். நடைக்கோல்கள் இரண்டை வைத்து அளக்கச் சொல்லிக்கொடுத்தார். ஒரு கோலைச் சரிவில் செங்குத்தாக நிறுத்த வேண்டும். இன்னொன்றை அதன் மேல் கிடையாக வைத்துச் சரிவின் பக்கம் நீட்டி, நுனி பனியைத் தொடும்வரை மேலும் கீழும் நகர்த்த வேண்டும். நிற்கும் கோலின் உச்சியில் தொட்டால் 45 டிகிரி. பாதி உயரத்தில் தொட்டால் ஏறக்குறைய 27. பாதியைத் தாண்டிக் கொஞ்சம் மேலே போய்விட்டால் பேச்சை நிறுத்திவிட்டு ஒவ்வொருவராகப் போக வேண்டிய இடம் அது. முதலில் வாயால் சொல், பிறகு அள என்பது விதி. நான் 40 என்பேன், கோல் 30 சொல்லும். நான் 25 என்று அலட்சியமாகச் சொன்ன இடத்தில் கோல் 35 சொன்னதும் உண்டு. பயந்து அதிகம் சொல்வதை அவர் பொருட்படுத்தவில்லை. குறைத்துச் சொன்ன இடங்களில் மட்டும் என்னைத் திரும்ப நடக்க வைத்தார்.

ஓடைகளின் மேலே பனி பாலம் கட்டியிருக்கும் இடங்கள் தனிப் பாடம். பக்கர்தாச்சுக்கு அருகே மே மாதத்தில் தண்ணீர் சத்தம் கேட்கும், தண்ணீர் தெரியாது. ஐஸ் ஆக்ஸ் என்ற பனிக்கோடரியின் காம்பை நேராக இறக்கிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஒரே சீரான எதிர்ப்போடு இறங்கினால் கீழே பனி நிறைந்திருக்கிறது. திடீரென்று எதிர்ப்பு விட்டுப்போய்த் தோள் முன்னால் சாய்ந்தால் கீழே வெற்றிடம். பெரிய பாறைகளைச் சுற்றியும் இப்படித்தான். வெயிலில் சூடேறிய கல் தன்னைச் சுற்றிப் பனியை உருக்கி உள்ளே பள்ளம் வைத்திருக்கும். களைத்தவர்கள் சாய்ந்து நிற்க ஓடிப்போவதும் அந்தப் பாறையிடம்தான்.

ஆனால் நோட்டின் முதல் பத்தி, அதாவது மணி, எதற்கு முதலில் வருகிறது என்பது எனக்குக் கடைசியாகத்தான் புரிந்தது. விடியும் முன் ஐந்து மணிக்குப் பார்த்துவிட்டு, “கத்தி போகாத ஓடு. பூட்டில் மாட்டிய கிராம்பான் முள் நன்றாகப் பிடிக்கிறது” என்று நான் எழுதியதை நம்பி ஒரு குழு ஏறியது. எழுதியது பொய்யில்லை. அவர்கள் இறங்கியது நண்பகலில். அதே சரிவில் ஊறிய அவலில் கால் வைப்பது போல ஒவ்வொரு அடிக்கும் தொடை வரை புதைந்தார்கள். ஈரப்பனி கிராம்பானின் அடியில் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு முள்ளை மூடிவிட்டது. பாறைகளிலிருந்து சிறு பனிப்பந்துகள் தாமாகவே கிளம்பி உருண்டு வந்தன. ஈரமான பனி முழுசாக நழுவத் தயாராகிறது என்பதற்கான முதல் அடையாளம் அது. எல்லோரும் பத்திரமாக முகாம் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஐந்து மணிப் பனியைப் பற்றி எழுதிய நான், அது பத்து மணிக்கு என்னவாகும் என்று எழுதவில்லை. கிழக்கைப் பார்த்த சரிவுக்கு வெயில் முதலில் வரும், மேற்குக்குக் கடைசியில் வரும் என்ற சின்ன விஷயத்தை மூன்றாவது பத்தியோடு சேர்த்துப் படித்தாலே அது தெரிந்திருக்கும். உஸ்தாத் ஐந்தாவது பத்தி ஒன்றை நோட்டில் சேர்த்தார்: ‘எதுவரை’.

அந்த ஐந்தாவது பத்திதான் ஒரு மே மாத இரவில் எனக்குக் கை கொடுத்தது. லேடி லெக்கில் பன்னிரண்டரைக்கு எழுந்து கூடாரத்தைத் திறந்தேன். நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. குளிரும் பெரிதாக இல்லை. வானம் தெளிந்திருந்தால் பனி தன் வெப்பத்தை நேரே வானத்துக்கு இழந்துவிடும். காற்று பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலே இருந்தாலும் மேற்பரப்பு உறைந்துவிடும். மேகம் மூடிய இரவில் அந்த வெப்பம் திரும்பி வரும், பகலில் ஊறிய பனி ஊறியபடியே இருக்கும். படித்தது, கேட்டது எல்லாம் அதுவரை தலையில் இருந்தது. அன்றைக்கு இரண்டடி எடுத்து வைத்ததும் பூட் ஓட்டை உடைத்து உள்ளே போனபோது காலுக்கும் தெரிந்தது. மூக்கைத் தொட்டு, முஷ்டியை வைத்தேன். போனது. எழுதினேன்: 12.40, 3,800 மீட்டர், தெற்கு, மேகம், ஓடு உறையவில்லை, முஷ்டி, பூட் முழங்கால் வரை. எதுவரை: விடியும்வரை உறைய வாய்ப்பில்லை.

கிளம்ப வேண்டாம் என்றேன். வந்தவர்களுக்குக் கோபம். லீவு போட்டு, பணம் கட்டி, பெங்களூரிலிருந்தும் புனேயிலிருந்தும் வந்தவர்கள், கோபம் நியாயமானதுதான். உஸ்தாத் கீழே பக்கர்தாச்சில் இருந்தார். வாக்கி டாக்கியில் ஒரே ஒரு கேள்வி: “கையால் பார்த்தாயா, காலால் பார்த்தாயா?” இரண்டாலும் என்றேன். “சரி, டீ போடு” என்றார். அன்று பனிச்சரிவு எதுவும் வரவில்லை. பகல் முழுக்க மலை சும்மா இருந்தது. போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று ஒருவர் ஊர் போகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். இந்தத் தொழிலில் விடைத்தாள் திருத்தித் தரப்படுவதில்லை. ஆனால் அந்த நாளின் பக்கத்தை உஸ்தாத் கிழிக்கவில்லை, ஒரு சொல்லையும் அடிக்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

காற்று மட்டும் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. பனி மழைபோல நேரே விழுவதோடு முடிவதில்லை, காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி முகட்டைத் தாண்டி மறுபக்கம் கொட்டும். வானத்திலிருந்து ஒரு துகள் விழாத நாளிலும் அந்த மறுபக்கத்தில் பாளம் வளரும். அதன் மேல் நடந்தால் காலடியில் சத்தம் மாறும்; நிறைந்த ஓசை போய் உள்ளே வெற்றிடம் இருப்பது போன்ற ஓசை. உஸ்தாத் அந்த மாற்றத்தைப் பேசிக்கொண்டே போகும்போதும் கேட்டுவிடுகிறார். எனக்கு எல்லோரையும் நிறுத்தி, வாயை மூடச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பனி உருகிய பிறகு, செப்டம்பரில் வரச் சொல்லியிருக்கிறார். வெறும் கல்லும் புல்லுமாக இருக்கும்போது அதே சரிவில் ஏறி இறங்கி, எங்கே குழிவு, எங்கே முகடு, எந்தப் பாறை எவ்வளவு உயரம் என்று நோட்டில் வரைய வேண்டுமாம். காற்று குளிர்காலத்தில் எதை எங்கே கொண்டுபோய் வைக்கும் என்று அந்தப் படத்தைப் பார்த்து முன்கூட்டியே எழுதி அவரிடம் கொடுத்துவிட வேண்டும். அடுத்த மே மாதம் குழி வெட்டிச் சரிபார்ப்போம் என்றார். பெரிய நோட்டாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.