மழை நின்றதும் சொல்கிறேன்

கிரிக்கெட்டில் டக்வொர்த் - லூயிஸ் தெரியும். மழை வந்து மேட்ச் நின்றால், ஜெயிக்க இத்தனை ரன் என்று திருத்திச் சொல்லும் கணக்கு. அதே பெயரில் ஒரு பாட்டுக் கோஷ்டி இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

‘டக்வொர்த் லூயிஸ் மெத்தட்’ என்று பெயர். இரண்டே பேர். இருவரும் அயர்லாந்துக்காரர்கள். நீல் ஹானன், தாமஸ் வால்ஷ். ஒரு முழு ஆல்பத்தையும் கிரிக்கெட்டைப் பற்றியே போட்டு, 2009 ஆஷஸ் சமயத்தில் வெளியிட்டார்கள். டாஸ் போடுவதற்கு ஒரு பாட்டு, மழையில் ஆட்டம் நிற்பதற்கு ஒரு பாட்டு. 1993-ல் ஷேன் வார்னே போட்ட பந்தில் ஸ்டம்ப் எங்கே போனது என்று தெரியாமல் முழித்தாரே மைக் கேட்டிங், அவர் தரப்பு நியாயத்தைச் சொல்ல ஒரு பாட்டு. முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு கிண்டல் அடிக்கும் ரகம். அப்போது அயர்லாந்துக்கு டெஸ்ட் ஆடும் தகுதியே கிடையாது. 2018-ல்தான் முதல் டெஸ்ட் ஆடினார்கள். அதிலும் முதல் நாள் முழுக்க மழை! இவர்களைத் தவிர வேறு யார் பாடுவது?

இவர்கள் எங்கள் வீட்டுக்குள் வந்தது 2021 ஜூன் 18, வெள்ளிக்கிழமை.

ஊரடங்கு காலம். கொரோனா வந்து, 11 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, அப்பா வீடு திரும்பி ஒரு மாதம் ஆகியிருந்தது. வயது 78. பாத்ரூம் வரை நடந்தாலே மூச்சு வாங்கும். “ரெண்டு நாள் பக்கத்துலயே இருங்க” என்று மனைவி சொல்லிவிட்டாள். எனக்கோ உள்ளூர உதறல். அப்பாவும் நானும் பேசிக்கொள்வது பால் பாக்கெட், கரன்ட் பில் அளவில்தான். நல்லவேளை, சவுத்தாம்ப்டனில் இந்தியா - நியூசிலாந்து டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனல். ராத்திரிக்கு யூரோ கால்பந்து. டி.வி. பேசும், நாங்கள் பேச வேண்டாம்.

மூன்று மணிக்கு டி.வி.யைப் போட்டால் மழை. டாஸ்கூடப் போடவில்லை. பிட்ச்சை மூடியிருக்கும் தார்ப்பாயை எத்தனை நேரம்தான் பார்ப்பது? அப்பா தொண்டையைச் செருமினார். நான் பயந்துபோய், “டக்வொர்த் - லூயிஸ்னு ஒரு கோஷ்டி இருக்குப்பா” என்று ஆரம்பித்தேன்.

“டெஸ்ட்டுக்கு அந்தக் கணக்கு கிடையாதே” என்றார்.

அப்பா ஆடிட்டர் ஆபீஸில் 31 வருஷம் குமாஸ்தா. நான் பி.காம். படித்ததே அவர் சொல்லித்தான். அதனால் முதலில் கணக்கை விளக்கினேன். 1992 உலகக் கோப்பை அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் தேவை. சில நிமிஷ மழை. திரும்பி வந்தால் ஒரே பந்தில் 21 ரன். அந்தக் கூத்துக்குப் பிறகு டக்வொர்த், லூயிஸ் என்ற இரண்டு புள்ளியியல்காரர்கள் யோசித்துச் செய்தது இது. பாதி ஓவர் போனால் பாதி பலம் போச்சு என்று நேர்க்கோட்டில் கணக்குப் போடமாட்டார்கள். 25 ஓவர் மிச்சமிருந்து 10 விக்கெட்டும் கையில் இருந்தால், மூன்றில் இரண்டு பங்கு பலம் மிச்சம். அதே 25 ஓவர், ஒன்பது விக்கெட் போயாச்சு என்றால், ஏறக்குறைய ஒன்றுமில்லை.

“தேய்மானக் கணக்கு” என்றார் அப்பா சட்டென்று. “குறைந்துசெல் மதிப்பு முறை.” அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு, “எனக்கு ஓவர் இருக்கும்போலத்தான் இருக்கு. விக்கெட்தான் இல்லை” என்றார்.

என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் செல்போனில் பாட்டைப் போட்டேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் பாட்டு பிடிபடாது. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நாலைந்து பாட்டு தாண்டியதும் கண்ணைத் திறந்தார்.

“மியான்தாத்தா?”

ஆமாம். மியான்தாத்தைச் சந்திக்கக் கிளம்பிப்போவதாக ஒரு பாட்டு. எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிட்டேன்.

காரணம் இருக்கிறது. 1986 ஏப்ரல் 18, ஷார்ஜா. பக்கத்து வீட்டு ஹாலில் தெருவே கூடியிருந்தது. கடைசிப் பந்தில் பாகிஸ்தானுக்கு நாலு ரன் வேண்டும். சேத்தன் சர்மா ஃபுல்டாஸ் போட, மியான்தாத் சிக்ஸர் அடித்தார். எனக்கு ஒன்பது வயது. சிக்ஸர் என்றால் கை தட்ட வேண்டும், அவ்வளவுதான் தெரியும். தட்டினேன். அந்த ஹாலில் தட்டியவன் நான் ஒருவன்தான். அடுத்த நொடி கன்னத்தில் பளார் என்று ஒரு அறை. அப்பா. அத்தனை பேர் முன்னாலும்.

அதற்கப்புறம் அப்பா இருக்கும் அறையில் நான் எதற்கும் கை தட்டியதில்லை. அப்பாவும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நினைவிருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை கொஞ்சம் ஆட்டம் நடந்தது. வெளிச்சம் போதாமல் நின்றபோது இந்தியா 146-க்கு 3. ராத்திரி போர்ச்சுகல் - ஜெர்மனி. “நீங்க தூங்குங்கப்பா” என்றால் கேட்கவில்லை. முதலில் ரொனால்டோ கோல் போட்டார். அப்புறம் நாலே நிமிஷ இடைவெளியில் போர்ச்சுகல்காரர்கள் இரண்டு பேர், தங்கள் கோலுக்குள்ளேயே பந்தை அனுப்பினார்கள். அப்பா சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன்.

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, “சேம் சைடு கோல் போட்டவனை யாரும் அடிக்கலை பாரு” என்றார்.

நான் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அன்னிக்கு எனக்கு 43 வயசு. புத்தி இருந்திருக்கணும்.”

35 வருஷத்து பாக்கி. வாராக்கடன் என்று நான் எப்போதோ எழுதித் தள்ளியது. “விடுங்கப்பா” என்றேன். வேறு எதுவும் வரவில்லை. எனக்கு அப்போது 44. என் பையனை எதற்கெல்லாம் கை ஓங்கியிருக்கிறேன் என்று அன்று ராத்திரி கணக்குப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோலி முந்தைய நாள் எடுத்திருந்த 44-லேயே அவுட். ஜேமிசன் பந்து உள்ளே திரும்பி காலில் வாங்கியது. வீடே ‘ச்சே’ என்றது. அப்பா மட்டும் இரண்டு தடவை மெதுவாகக் கை தட்டினார்.

“நல்ல பந்துடா.”

நானும் தட்டினேன்.

அந்த மேட்ச்சில் நாம் தோற்றோம். அப்பாவுக்கு இப்போது 82. ஓவரும் விக்கெட்டும் கொஞ்சம் கொஞ்சம் கையில் இருக்கிறது. எங்கே மழையால் ஆட்டம் நின்றாலும் “அந்த மியான்தாத் பாட்டைப் போடு” என்கிறார். நான் தள்ளிவிடுவதில்லை. 2024 ஜூனில் டக்வொர்த் காலமானார் என்று பேப்பர் பார்த்துச் சொன்னபோது பதறிப்போய்க் கேட்டார்:

“பாட்டுக்காரரா, கணக்குக்காரரா?”

“கணக்குக்காரர்ப்பா.”

“பாவம்” என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, “பாட்டுக்காரங்க நல்லா இருக்கட்டும்” என்றார்.