எண் மாறிய துப்பாக்கி

பழம்பொருள்களுக்கு விலை கூறுவோர் முதற்கண் கேட்கும் வினா ஒன்றுண்டு. "இஃது ஆதியில் இருந்தவாறே உளதா?" என்பதே அது. குத்துவிளக்கிற்கும் செப்புக்குடத்திற்கும் அவ்வொரு வினா போதும். போர்க்களம் சென்று மீண்ட துப்பாக்கிக்கோ அது போதாது. அதன் உறுப்புக்கள் பலமுறை மாறியிருத்தல் கூடும். ஆதலின், எது மாறிற்று, யார் மாற்றினர், எதன்பொருட்டு மாற்றினர் என்னும் மூன்றையும் உடன் வினவல் வேண்டும். லீ என்பீல்டு என்னும் பழைய படைத்துப்பாக்கியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்கப் புகுகின்றேன்.

மாணவர் படையில் யான் சேர்ந்த காலத்து அணிவகுப்புப் பயிற்சிக்கென என் கையில் தரப்பட்டது இவ்வினத்துத் துப்பாக்கியே. சுடுதற்கு ஆகாது, பயிற்சிக்கு மட்டுமே உரியது என்பதைக் காட்டும் 'டி. பி.' என்னும் எழுத்துக்கள் அதன்மேல் இருந்தன. தாழ்போல் முன்னும் பின்னும் ஓடும் போல்ட்டின் கைப்பிடியில், பழைய எண் ஒன்று கோட்டினால் அடிக்கப்பெற்று, அருகே வேறோர் எண் பொறிக்கப்பட்டிருந்தது. "ஒட்டுப்போட்ட துப்பாக்கி!" என்று தோழன் ஒருவன் நகைத்தான். தமிழ் பயிலும் எனக்கோ, ஏடெழுதுவோன் பிழைபட்ட சொல்லை அடித்துத் திருத்தம் எழுதிய சுவடியின் நினைவு வந்தது. திருத்தம் கண்ட சுவடியைப் புலவர் எறிவதில்லை. திருத்தியவர் யாரென்றே ஆராய்வர். அவ்வாராய்ச்சி இதற்கும் பொருந்துமென எண்ணிப் படிக்கலானேன்.

இத்துப்பாக்கியை இன்னதென்று அறிதற்கு முதலிற் காணத்தக்க இடம், பின்கட்டை வந்து பொருந்தும் இரும்புக் கழுத்தின் வலப்புறமாகும். ஆங்கு மணிமுடியும், அரசர் பெயரின் முதலெழுத்துக்களும், செய்த சாலையின் பெயரும், ஆண்டும், வகையும் பொறிக்கப்பட்டிருக்கும். இங்கிலாந்தில் என்பீல்டு, பர்மிங்காம், லண்டன் ஆகிய இடங்களிலும், ஆஸ்திரேலியாவில் லித்கோவிலும், நம் நாட்டில் கல்கத்தாவை அடுத்த ஈசாப்பூரிலும் இவை செய்யப்பட்டன. அரசர் ஜார்ஜின் காலத்து ஈசாப்பூர்த் துப்பாக்கியில் 'ஜி. ஆர். ஐ.' என்று காணப்படும். ஈற்றெழுத்து அவர் சக்கரவர்த்தி என்பதைக் குறிப்பது.

வகையறிவும் இன்றியமையாதது. 'மார்க் மூன்று' என்பது 1907-இல் வந்தது. பெரும்போரிடையே, விரைந்து பல செய்யவேண்டி, 1916-இல் சில உறுப்புக்கள் நீக்கப்பட்டன. தோட்டாக் கூட்டை மறைக்கும் தகடும், நெடுந்தொலைக்குரிய பக்கக் குறிகாட்டியும் அவற்றுட் சேர்ந்தவை. அங்ஙனம் நீக்கப்பட்ட வகைக்கு மூன்றாம் எண்ணின் அருகே ஓர் உடுக்குறி இடப்பட்டது. எனவே, 1910 என்று பொறித்த துப்பாக்கியிற் பக்கக் குறிகாட்டி இல்லையேல், பின்னர்ப் படைச்சாலையில் அது பழுதுபார்க்கப்பட்டதென ஊகிக்கலாம். உடுக்குறியுடைய ஒன்றில் அவ்வுறுப்பு புதுமெருகோடு விளங்குமாயின், விலையை உயர்த்தப் பிறர் சேர்த்தனரோ என ஐயுறல் வேண்டும்.

அடுத்து எண்கள். உடல், குழல், போல்ட், பின்குறிகாட்டியின் தகடு, முகப்பு மூடி ஆகியவற்றில் ஒரே எண் இருப்பின் மதிப்பு மிகுதி. இவற்றுள் போல்ட்டின் எண்ணே தலைமையானது. அது தன் துப்பாக்கியின் உடலோடு இழைத்துப் பொருத்தப்படுவது. வேறொன்றின் போல்ட்டைச் செருகினால், தோட்டாவின் அடிக்கும் போல்ட்டின் முகத்திற்கும் இடையே இடைவெளி மிகலாம். மிகுந்தால், சுடுங்கால் தோட்டா பிளந்து வெங்காற்றுச் சுடுவோன் முகத்திற் பாய்தலும் உண்டு. ஆகவே அளவுகோலிட்டுத் தேர்ந்த கம்மியர் சோதிக்குமுன் அதனைச் சுடலாகாது. எண் ஒத்தல் விலைக்குரிய செய்தி மட்டுமன்று, உயிருக்குரிய செய்தியுமாம்.

மாற்றங்கள் மூவகைப்படும். படைக்கலக் கம்மியர் தேய்ந்த உறுப்பை நீக்கிப் புதியது பொருத்தி எண்ணிட்டது ஒன்று. அது மதிப்பைச் சிறிது குறைப்பினும் துப்பாக்கியின் சரித்திரத்திற் சேர்ந்ததே. சாலையில் முழுதும் புதுக்கப்பட்டவற்றில் 'எப். டி. ஆர்.' என்னும் எழுத்துக்களும் ஆண்டும் காணப்படும். படையினின்று விற்கப்பட்டபின், வேட்டைக்கு இலேசாகுமாறு முன்கட்டையை அறுத்தது மற்றொன்று. அதனால் மதிப்புப் பெரிதும் குறையும். பிற்காலத்தில் வேறு கட்டையிட்டுப் பழைய உருவத்திற்குக் கொணர்ந்தாலும், அதனைச் சொல்லியே விற்றல் வேண்டும். பழைய எண்ணை அராவி, உடலின் எண்ணைப் புதிதாகப் பொறித்து, ஆதியிலேயே ஒத்திருந்ததெனக் காட்டுவது மூன்றாவது. அராவிய இடம் சற்றுக் குழிந்திருக்கும். எழுத்தின் விளிம்பு பழைய இரும்பில் புதிதாய் மின்னும். முன்னைய இரண்டும் மாற்றம், இதுவோ வஞ்சகம். கள்ளத்தராசு தூக்குவோனுக்கும் இவனுக்கும் வேற்றுமை இல்லை.

இவ்வளவும் ஆராய்ந்து, குழலின் உட்புறத்துத் துருவும் தேய்வும் நோக்கி, அவ்வகை கிடைத்தற்கு அரியதோ எளியதோ என்பதையும் எண்ணியே விலை கூறுவர். எண் அனைத்தும் ஒத்து வாளா கிடந்ததே பெரும்பாலும் மிகுந்த விலை பெறும். அது விற்போர் வழக்கு. யான் அதனைக் குறை கூறேன். எனினும், குழல் மாறிய துப்பாக்கி எனக்கு மிகுதியாகப் பேசுகின்றது. முதற்குழல் தேயும்வரை அதனை ஏந்தியவர் யாரோ? மெசப்பொத்தேமியாவின் மணலிலும், 1944-இல் கோகிமாவின் மலைச்சரிவிலும் இவ்வினத்துத் துப்பாக்கிகளைச் சுமந்த நம் நாட்டு வீரர் பலர். துப்பாக்கிக்கு எண் உண்டு. ஏந்தியவன் பெயர் அதில் இல்லை. எண்ணைப் பொய்யாக்குவோன், அப்பெயரற்றவனைப் பற்றி எஞ்சிய ஒரு சான்றினையும் அழித்தவனாகின்றான்.