சிறு பொருளில் இசைப் பதிவு

வீட்டிலேயே இசையைப் பதிவு செய்ய விழையும் நம் மாணவர் பலர், பொருட்குறைவால் அம்முயற்சியை ஆண்டுதோறும் ஒத்திவைக்கின்றனர். நல்ல கருவிக்காக நாம் காத்திருக்கலாம். நம் இல்லங்களிற் கீர்த்தனை பாடும் முதியோர் குரல் காத்திராது. ஆதலின், முதற்கண் வேண்டுவன யாவை என ஆராய்வோம்.

கணிப்பொறி உளதாயின், ஒலிவாங்கி ஒன்று, அதனைக் கணிப்பொறியோடு இணைக்கும் இன்டர்பேஸ் ஒன்று, காதை மூடும் ஹெட்போன் ஒன்று ஆகிய மூன்றே போதும் என்பது நம் கருத்து. கண்டென்ஸர் ஒலிவாங்கி நுண்ணொலியையும் ஏற்கும். ஆயினும் அதற்குப் பெரும்பாலும் 48 வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். தெருவோசையும் உடன் பதியும். வாயருகே வைத்துப் பாடும் டைனமிக் வகையோ அவ்வோசையைப் பெரிதும் விலக்கும். 1966இல் வெளிவந்த ஷூர் எஸ்.எம். 58 இன்றும் வழங்கிவருவது அவ்வகையின் உறுதிக்குச் சான்றாம். பதிவுக்கும் திருத்தத்திற்கும், 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆடாசிட்டி என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கின்றது.

மேலும் பொருள் செலவிடுமுன், மின்விசிறியை நிறுத்தி, சாளரங்களைச் சாத்தி, கனத்த போர்வைகளைச் சுவரோரம் தொங்கவிடுதல் நலம், எதிரொலி குறையும். இவ்வளவே கொண்டு இன்றே தொடங்குவோமாக. சிறிது இரைச்சலோடு பதிந்த பாட்டியின் குரலை நாம் பின்னும் கேட்கலாம். பதியாது போன குரலை விலையுயர்ந்த எக்கருவியும் மீட்டுத் தாராதன்றோ?