முதல் பந்தி

நாஞ்சில் நாட்டில் கல்யாணச் சமையல் செய்பவருக்கு ஒரு பெயர் உண்டு: தவசிப்பிள்ளை. முந்தின நாள் சாயங்காலமே உதவிக்கு ஆட்களோடு வந்து இறங்குவார். பந்தலுக்குப் பின்னால் அவருக்காகவே ஆக்குப்புரை கட்டியிருப்பார்கள். வெற்றிலையில் வைத்து அச்சாரம் கொடுத்திருப்பார்கள். பந்தி முடிந்ததும் கூலியோடு வேட்டி, துவர்த்து. "அன்னைக்கு அவரு வச்ச எரிசேரி" என்று பத்து வருடம் கழித்தும் பேசுவார்கள். நான் பார்த்து வளர்ந்த தவசிப்பிள்ளைகள் எல்லோரும் ஆண்கள்.

அதே எரிசேரியை வீட்டில் வைக்கிற பெண்ணுக்கு அந்த வேலையின் பேரில் ஒரு பெயர் கிடையாது. அவள் அம்மா, மயினி, அத்தை. அவள் சமையல் நன்றாயிருந்தால் கைமணம் என்பார்கள், பிறவியிலேயே அவள் கையில் ஒட்டிக்கொண்டு வந்த வாசனை போல. தவசிப்பிள்ளையிடம் இருப்பது தொழில், இவளிடம் இருப்பது சுபாவம். தொழிலுக்குக் கூலி உண்டு, சுபாவத்துக்கு யார் கூலி தருவார்கள்?

அம்மாவுக்கு எழுபது வயது நிறைந்தபோது இது என் மனதில் தெளிவானது. எத்தனையோ கல்யாணங்களுக்கு அம்மாவோடு போயிருக்கிறேன். சொந்தத்தில் நடந்த எந்த விசேஷத்திலும் அவள் முதல் பந்தியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தேங்காய் துருவியவள், அரைத்தவள், இலை துடைத்தவள் எல்லோரும் கடைசிப் பந்தி. அதற்குள் ஓலன் தீர்ந்திருக்கும், பப்படம் நமத்திருக்கும். "எனக்கு ஒண்ணும் வேண்டாம், கொஞ்சம் மோரு போரும்" என்று சொல்லிச் சொல்லி, அது அவளுடைய விருப்பமாகவே ஆகிவிட்டது.

அம்மாவையும், அவளைப் போலக் கடைசிப் பந்தியில் உண்டவர்களையும் சேர்த்துப் பதினான்கு பெண்களுக்கு ஒரு முழு விருந்து நானே சமைத்து விளம்புவது என்று முடிவு செய்தேன். நான் வேலைக்குப் போகிறவள். ரசமும் மீன்குழம்பும் ஒரு பொரியலும்தான் என் அன்றாடம். தனியாக ஒரு விருந்து வைத்த அனுபவம் கிடையாது. பெரியம்மை சிரித்தாள். "எட்டி, பதினாலு எலைக்கு ஒத்தையிலயா? தவசிப்பிள்ளைய விளிச்சா போராதா?"

எங்கள் தெருவிலேயே வயதான தவசிப்பிள்ளை ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டேன். அளவு எதுவும் சொல்லவில்லை. "பிரதமனுக்கு ஒண்ணாம் பால் விட்டா பிறவு கொதிக்க விடப்பிடாது மக்களே. அவியலுக்குப் பச்சைத் தேங்காண்ண கடைசியில. மிச்சத்த உங்கம்மைகிட்ட கேளு, நான் அவ்வோ மாதிரி ஆளுககிட்டதான் படிச்சேன்" என்றார். யாரிடம் படித்தார் என்று கேட்டேன். அவருடைய அம்மாவிடம், அத்தையிடம். அந்தப் பெண்கள் யாரும் எந்த ஆக்குப்புரையிலும் அச்சாரம் வாங்கியதில்லை.

விருந்தை இரவுக்கு வைத்தேன். விருந்து என்றால் எங்கள் பக்கம் மதியம்தான். ஆனால் மதியத்தில் வீட்டை விட்டு வர முடியாது என்று பதினான்கு பேரில் பத்துப் பேர் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டை அவர்கள்தான் விளம்ப வேண்டும்.

சனிக்கிழமை காலை வடசேரி சந்தையில் காய் வாங்கினேன். சேனை, ஏத்தங்காய், முருங்கைக்காய், புடலங்காய், வழுதலங்காய், வெள்ளரிக்காய், இளவன்காய். தேங்காய் 12. இதில் 5 பிரதமனுக்கு மட்டும். பருப்பு, சாம்பார், புளிசேரி, ரசம், அவியல், எரிசேரி, ஓலன், துவரன், கிச்சடி, பச்சடி, இஞ்சிக்கறி, நாரத்தங்காய், உப்பேரி, பப்படம், அடைப்பிரதமன் என்று 15 இனம். நாரத்தங்காயும் இஞ்சிக்கறியும் இரண்டு நாள் முன்பே போட்டு வைத்தேன். மற்றதெல்லாம் அன்றைக்கே.

இந்தச் சமையலின் சூட்சுமம் முழுவதும் தேங்காய்தான். அவியலுக்கு ஜீரகமும் பச்சை மிளகாயும் சேர்த்துத் தரதரப்பாக அரைக்க வேண்டும். எரிசேரிக்கு அரைத்தது ஒரு பங்கு, மேலே தூவ எண்ணெயில் சிவக்க வறுத்தது ஒரு பங்கு. ஓலனுக்குப் பால் மட்டும். புளிசேரிக்கு வெண்ணெய் போல அரைய வேண்டும். பிரதமனுக்கு மூன்று தடவை பிழிய வேண்டும். வெந்த அடையைச் சர்க்கரைப் பாகில் வரட்டி, மூன்றாம் பாலும் இரண்டாம் பாலும் விட்டு உருளியில் வற்ற வைத்து, ஒன்றாம் பாலை இறக்கும்போது விட வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும். ஒரே தேங்காய்க்கு ஐந்து பக்குவம். இதையெல்லாம் எழுதிவைக்காமல் தலையில் வைத்துக்கொண்டு, நடுவில் பிள்ளைக்குப் பால் கொடுத்து, மாடு நோக்கி, வாசலில் வந்தவருக்குப் பதில் சொல்லிச் சமைத்தார்கள். இதைப் படிப்பு என்று யாரும் சொன்னதில்லை.

மதியம் இரண்டு மணிக்குக் கரண்டு போயிற்று. மிக்சியில் புளிசேரிக்கு அரைபட்ட தேங்காய் பாதியில் நின்றது. புறவாசலில் பயனற்றுக் கிடந்த அம்மியைக் கழுவி உட்கார்ந்தேன். புளிசேரிக்கும் அவியலுக்குமாக முக்கால் மணி நேரம் அரைத்தேன். வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு இடத்தில் வலி வந்து நின்றது. அம்மா எத்தனையோ வருடங்களாக இரவில் தைலம் தேய்க்கச் சொல்லிக் காட்டுகிற அதே இடம். வாயு என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த வலி.

2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தியது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். ஈடுபடுகிறவர்களில் ஒரு பெண் ஒரு நாளில் செலவிடுவது 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். 2011 கணக்கெடுப்பின்படி எங்கள் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். என் பதினான்கு விருந்தாளிகளில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்கள் மூன்று பேர். அவர்களும் வீட்டில் இரவுச் சாப்பாட்டை முடித்து மூடி வைத்துவிட்டுத்தான் வந்தார்கள். ஒருவருக்கு முதல் வாய் வைக்கும் முன்பே போன் வந்தது. தோசை மாவு ஃபிரிட்ஜில் எந்தத் தட்டில் இருக்கிறது?

விருந்தாளிகளில் ஒருவர், எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா. ஒரு சித்தி என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டு, "அவளுக்குத் தனியா பாத்திரத்துல குடுத்து விட்டிரலாமே" என்றாள். திருவிதாங்கூர் காலத்தில் கோயில்களை ஒட்டி ஊட்டுப்புரைகள் இருந்தன. அங்கே அரசின் செலவில் பிராமணர்கள் உண்டார்கள். 1936 நவம்பர் 12 அன்று கோயில் நுழைவுப் பிரகடனம் வரும்வரை சுசீந்திரம் கோயிலுக்குள் கால் வைக்க முடியாத சாதிகள் இருந்தன. பிரகடனம் கோயிலைத் திறந்தது. பந்தி வீட்டுக்குள் இருந்தது. கடைசிப் பந்திக்குத் தள்ளப்பட்ட பெண்ணுக்கும் தனக்குப் பின்னால் இன்னொருத்தியை நிறுத்தத் தெரியும். "எல்லாருக்கும் எலைதான் சித்தி" என்றேன். சித்தி இரண்டு இலை தள்ளி உட்கார்ந்தாள். நான் அவளை நகரச் சொல்லவுமில்லை, அந்த அக்காவை எழுப்பவுமில்லை. கல்யாண மண்டபங்களில் பாத்திரம் தேய்க்கவும் போகிற அந்த அக்கா, இலையில் எல்லாம் சூடாக விழுவதைப் பார்த்து, "பிரதமன் சூடாத்தான் இருக்கும் போல" என்று மெதுவாகச் சொன்னார்.

எங்கள் ஊர்ப் பேச்சில் பரிமாறுவதை விளம்புவது என்போம். அகராதியில் அந்தச் சொல்லுக்குச் சொல்லுதல் என்றும் பொருள். வாழ்நாள் முழுக்க விளம்பியவர்கள் தங்களைப் பற்றி ஒன்றும் விளம்பாமலே இருந்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. முதலில் யாரும் பேசவில்லை. அம்மா மூன்று தடவை எழுந்தாள்: ஒரு தடவை உப்புக்கு, ஒரு தடவை தண்ணீருக்கு, ஒரு தடவை எதற்கென்று அவளுக்கே தெரியாமல். மயினி, "நீயும் இரியேன்" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். எண்பது தாண்டிய பெரியம்மை, அவியலை வழித்து வாயில் வைத்துவிட்டு, "எனக்கு ஒருத்தி முன்னால நின்னு வெளம்பி நான் இருந்து உண்டது என் கல்யாணத்தன்னைக்குத்தான். அன்னைக்கும் பயத்துல ஒண்ணும் எறங்கல்ல" என்றாள். அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை.

ஔவையார் நோன்பைப் பற்றிப் பேசினார்கள். தை, மாசி, ஆடி மாதச் செவ்வாய்க்கிழமை இரவுகளில் பெண்கள் மட்டும் கூடி உப்பில்லாத கொழுக்கட்டை அவித்துத் தின்பது. ஆண்குழந்தையைக்கூட உள்ளே விடமாட்டார்கள். பாட்டிகள் தங்களுக்கென்று ஒரு பந்தியை அந்த இருட்டிலாவது வைத்துக்கொண்டார்கள். அதிலும் உப்பு இல்லையே என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

பாத்திரங்களை நானும் என் மகனும் தேய்த்தோம். உருளிக்கு மட்டும் அரை மணி நேரம் ஆயிற்று.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில், வீட்டு வேலை செய்யும் மனைவியும் குடும்பச் சொத்து சேர்வதற்குப் பங்களித்தவள்தான், அதில் அவளுக்குச் சம உரிமை உண்டு என்று சொன்னது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது அதை வாதமாகத்தான் புரிந்துகொண்டேன். விருந்துக்கு மறுநாள் நோட்டில் கணக்கு எழுதும்போது அது எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. காய், தேங்காய், அடை, சர்க்கரை, நெய், இலை எல்லாவற்றுக்கும் விலை எழுதினேன். கீழே நேரம் எழுதினேன்: இரண்டு நாள் முன்பு செய்ததையும் சேர்த்து 19 மணி நேரம். அதற்குப் பக்கத்தில் கூலி என்று எழுதிக் கோடு போட்டு, அம்மாவிடம் நீட்டினேன். அவள் இப்படி ஒரு விருந்து வைத்திருந்தால் எவ்வளவு கேட்பாள்?

"வீட்டுல ஆக்கதுக்கு யாராவது கூலி கேப்பாளா?" என்று நோட்டைத் திருப்பித் தந்துவிட்டாள். பிறகு முருங்கைக்கீரை உருவிக்கொண்டே வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாள்.

"அரைச்சதுக்கு மட்டும் போடு," என்றாள். "அது பாடுதான்."

எத்தனை வருடத்துக்கு என்று கேட்டேன். விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள்.